பாலம் கட்டிய ராமனும் படகில் போனவன்தான்!

(தலைப்பு: ஆற்றங்கரை நகரத்துக்குப் பெரிதும் உதவுவது பாலமா? படகா? – ‘படகே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, பாலத்தைத் தூக்கிப் பேசிவிட்டுக் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எதிரணித் தலைவர் கேட்டார்: “கொல்கத்தாவுல ஹவுரா பாலம் 1943-லேயே வந்தாச்சு. 1992-ல வித்யாசாகர் பாலம். 2024-ல ஹூக்ளி ஆத்துக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. இனிமே படகு எதுக்கய்யா?”

நல்ல கேள்விதான். ஆனா ஹவுரா பாலத்துக்கு முன்னாடி 1874-ல் ஒரு பாலம் கட்டினார்களே, அது எதன்மேல் நின்றது தெரியுமா? தூண்மேல் இல்லை ஐயா, மிதவைகள்மேல்! ஏறக்குறைய எழுபது வருஷம் உங்க பாலமே படகு மாதிரி மிதந்துதான் பிழைத்திருக்கிறது! (கைதட்டல்)

ஒரு கருத்தரங்குக்காக நான் கொல்கத்தா போனேன். ஹவுரா ஸ்டேஷன்ல இறங்கி, கௌரவமா டாக்ஸி பிடித்தேன். பாலத்துமேல் வண்டி நின்றது நின்றதுதான். கூடையோடு நடந்துபோன ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். சரக்கை விற்றுவிட்டு அவர் திரும்பியும் வந்துட்டார், நான் அங்கேயே இருக்கேன்! (சிரிப்பு) கீழே பார்த்தால் படகு ஒன்று நிறைய ஜனங்களோடு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மெட்ரோ 520 மீட்டர் ஆற்றை 45 வினாடியில் கடக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அது நிலையம் இருக்கிற இடத்தில்தானே நிற்கும்? பாக்பஜார், சோபாபஜார், பாபுகாட் என்று கரை நெடுகப் படித்துறைகள். அந்தத் துறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஆறுதான் குறுக்குவழி. பாலத்தைத் தேடிப் போனால் சுற்றுவழி!

“2017-ல தெலினிபாராவில் பலர் செத்தாங்களே” என்றார் எதிரணி அம்மையார். இந்த இடத்தில் நான் வேடிக்கை பேச மாட்டேன். கொல்கத்தாவுக்கு வடக்கே நடந்த கொடுமை அது. ஆனால் அங்கே படகு முழுகவில்லை அம்மா. மூங்கிலால் கட்டிய தற்காலிக இறங்குதுறை வெள்ள ஏற்றத்தில் முறிந்து விழுந்தது. ஹூக்ளி, கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. தண்ணீர் ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்குகிற மிதவை மேடை அங்கே வேண்டும். அப்படிப்பட்ட மேடைகள் கொல்கத்தாத் துறைகளில் இருக்கின்றன. தெலினிபாராவில் ஏன் மூங்கில்? பாலம் என்றால் கோடிகளைக் கொட்டுகிற கை, படித்துறை என்றதும் ஏன் சுருங்குகிறது? படகுக்கு நிற்கிறவன் பெரும்பாலும் ஏழை ஐயா! காரில் போகிறவனுக்கு இரும்பு, காலால் நடக்கிறவனுக்கு மூங்கிலா? (நீண்ட கைதட்டல்)

ஆகவே துறையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். படகை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கடலுக்கே பாலம் போட்ட ராமன் கங்கையை எப்படிக் கடந்தான்? குகனுடைய ஓடத்தில்! அந்தக் கங்கையின் கிளைதான் இந்த ஹூக்ளி. பாலத்தில் நடந்துபோன ராமனுக்கு எதிரே நின்றது பகை. படகில் ஏறிய ராமனுக்குக் கிடைத்தவன் ஒரு தம்பி. பாலம் கரைகளைச் சேர்க்கும். படகு மனிதர்களைச் சேர்க்கும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது துறையில் காத்து நிற்கிற அந்தக் கடைசி மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள்.