ரங்கூனில் ‘எதிர்நீச்சல்’ பார்த்தபோது



போன வாரம் ரங்கூன் வீட்டில் அப்பத்தாவோடு உட்கார்ந்து சன் டிவி ‘எதிர்நீச்சல்’ பழைய எபிசோடுகள் பார்த்தேன். டிவியில் இல்லை, போனில் இறக்கி வைத்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மே மாதம் டிஷ் வைத்திருந்தால் ஓராண்டு சிறை, 5 லட்சம் கியாட் அபராதம் என்று அரசு டிவியே அறிவித்தது.

சீரியல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நாலு மருமகள்கள், படிப்பும் திறமையும் இருந்தும் அடுப்படியில் கிடக்கிறார்கள். நம்ம வீட்டுக் கதைதான். ஒரு குறை மட்டும். மறைந்த மாரிமுத்து ஆதி குணசேகரனாக அவ்வளவு பிரமாதமாக நடித்ததால், பெண்களை அதட்டும் ‘ஏ இந்தாம்மா’ நமக்கு மீம் ஆகிவிட்டது. நானும் பார்வர்ட் பண்ணியிருக்கேன், ஒத்துக்கிறேன். அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அதோடு சேர்ந்து சிரிக்கிறோமா?

இந்த நாட்டில் முதல்வகைச் சிரிப்புக்கு விலை அதிகம். 1996இல் ஆங் சான் சூச்சி வீட்டு விழாவில் ராணுவத்தைக் கிண்டலடித்த ‘மீசை சகோதரர்கள்’ குழுவின் பா பா லேவுக்கு 7 ஆண்டு சிறை. நகைச்சுவைக் கலைஞர் சர்கனார், 2008 நர்கீஸ் புயலில் ஆட்சியின் அலட்சியத்தை வெளியே சொன்னார். தண்டனை 59 ஆண்டு, பிறகு குறைத்தார்கள். 2011இல் விடுதலை, 2021இல் மறுபடி கைது.

குணசேகரன் வசனத்துக்கு நான் சிரித்தபோது அப்பத்தா சிரிக்கவில்லை. “உங்க தாத்தாவும் இப்படித்தான் பேசுவாரு” என்றார்.

தோழர்களே, அடுத்த முறை அந்த மீமை அனுப்பும் முன், வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க.