யாகப் புகையும் மழையும்



யாகம் செய்தால் மழை வரும் என்று சாஸ்திரத்தைக் காட்டிச் சொல்லி வந்தவர்கள், இப்போது விஞ்ஞானத்தையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். "மேகத்துக்குத் தூசு வேண்டுமாமே! யாகப் புகையிலும் தூசு இருக்கிறதல்லவா?" என்கிறார்கள்.

தூசு வேண்டும் என்பது மெய்தான். 1880-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் எய்ட்கன் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்தார். ஒன்றில் சாதாரணக் காற்று; மற்றொன்றில் பஞ்சினால் வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியை விட்டார். முதலாவதில் வெண்மூட்டம் கவிந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. ஆகவே, நீராவி துளியாவதற்குப் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும்.

அத்துகளைத் தருவது வருணனா? இல்லை. கடலிலிருந்து உப்பும் நிலத்திலிருந்து புழுதியும் கிளம்புகின்றன. இவையன்றி, காற்றிலேயே பிறக்கும் துகள்களும் உண்டு. கந்தக அமில ஆவி, அம்மோனியா, மரங்கள் விடும் ஆவி ஆகியவற்றின் மூலக்கூறுகள் ஒன்றுகூடி, ஒரு மில்லி மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவாகத் திரளுகின்றன. பல கலைந்துபோகும். தப்பியவை மேலும் ஆவியை ஏற்று 50, 100 மடங்கு பருத்தால்தான் மேகத்துக்கு வித்தாகும். ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிசாலையில் 2009 முதல் ஓர் எஃகு அறைக்குள் இதைச் செய்து பார்த்து வருகிறார்கள். அங்கே மந்திரம் ஓத எவரும் இல்லை.

நம் ஆகாயத்தில் துகளுக்குப் பஞ்சமில்லை. வறட்சியில் ஈரத்துக்குத்தான் பஞ்சம். ஈரமில்லாத காற்றில் எவ்வளவு புகை போட்டாலும் துளி ஏது? புகை மிகுந்தால், உள்ள நீரும் பற்பல சிறு துளிகளாகப் பிரிந்து, விழாமல் நின்றுவிடுவதும் உண்டு.

2019-இல் தமிழ்நாட்டுக் கோயில்களில் மழை யாகம் நடத்த அறநிலைய இலாகாவே உத்தரவு போட்டது. நெருப்பில் கொட்டிய நெய்க்கான பணத்தில் ஓர் ஏரியையாவது தூர் வாரியிருந்தால், பிறகு பெய்த மழையாவது தங்கியிருக்காதா? யோசித்துப் பாருங்கள்.