உறையில் இட்டால் போதுமா?



ஆண்டவர் கைதான இரவை நினைத்துப் பாருங்கள். பேதுரு வாளை உருவுகிறார். தலைமைக் குருவின் பணியாளர் மால்குவின் வலக்காது அறுந்துபோகிறது. அப்போது இயேசு இரண்டு காரியங்கள் செய்கிறார். வாளை உறையில் இடச் சொன்னதை யோவான் எழுதியிருக்கிறார். அறுந்த காதைத் தொட்டு நலமாக்கியதை லூக்கா எழுதியிருக்கிறார். இன்றைய சிந்தனைக்கு இந்த இரண்டும் நமக்கு வேண்டும்.

நாகூரில் எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகனை என்னிடம் அழைத்து வந்தார். "சாமி, இவன் அங்க கத்தி சேக்குறவங்க சங்கத்து ஆண்டு விழாவுக்குப் போயிட்டு வந்தானாம். இது நல்லதுக்கா? நீங்களே கேளுங்க" என்றார். பிள்ளை கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டானோ என்று அவருக்குப் பயம். நம் ஊரில் கத்தி சேர்த்தவன் என்றால் காவல் நிலையத்தில் பெயர் இருக்கிறவன் என்றுதானே பொருள்!

அந்தத் தம்பி பொறுமையாக விளக்கினார். தபால்தலை சேர்ப்பதுபோல அங்கே மடக்குக் கத்தி சேர்க்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கென்று 1972இல் தொடங்கிய தேசியச் சங்கமே இருக்கிறது. ஊர்தோறும் சிறு சங்கங்களும் உண்டு. ஆண்டு விழாவுக்கென்று ஆண்டும் வரிசை எண்ணும் பொறித்த கத்தி ஒன்றை வெளியிடுவார்கள். வாங்கியவர் அதைக்கொண்டு ஒரு பழம்கூட நறுக்க மாட்டார். பழைய கத்தியை வீட்டில் சாணை பிடித்துவிட்டால் விலை குறைந்துபோகுமாம். அங்கே ஒருவர் மற்றவருக்குக் கத்தியைக் கொடுத்தால் பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்க வேண்டும், கூர் தன் பக்கம் இருக்க வேண்டும். கத்தியைப் பரிசாகப் பெறுகிறவர் நட்பு அறுந்துவிடக் கூடாது என்று ஒரு காசைத் திருப்பிக் கொடுப்பார். நம் வீடுகளில் கத்தியையும் ஊசியையும் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வோம் இல்லையா? கூர்மையான பொருள் உறவை அறுத்துவிடும் என்ற அச்சம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இதில் பாவம் ஒன்றும் இல்லை என்று அந்தத் தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். கூரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பிடியைப் பிறருக்குக் கொடுப்பது நாமும் கற்க வேண்டிய நாகரிகம்தான். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சேர்த்து வைத்த இரும்பு கடைசியில் என்ன ஆகிறது?

நம் தஞ்சையிலும் ஒரு பெரிய சேகரிப்பு இருந்தது. அரண்மனை ஆயுதசாலையில் வாள்களும் குத்துவாள்களும் குவிந்து கிடந்தன. ஐரோப்பாவில் அடித்த அலகுகளைக் கடல்வழியே வரவழைத்து, நம் கைவினைஞர்கள் அழகான பிடிகளைப் பொருத்தினார்கள். 1855இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை வாளும் அந்த அரசைக் காப்பாற்றவில்லை. அந்த ஆயுதங்களில் பலவற்றை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். வேலைப்பாட்டைக் கண்டு வியக்கிறோம். எந்தக் கழுத்துக்காக அவை தீட்டப்பட்டன என்று அங்கே நின்று யாரும் கேட்பதில்லை.

அன்பர்களே, கண்ணாடிக்குள் இருக்கும் கத்தியால் ஆபத்து இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். காரணம் சாதி. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. முதலில் மணிக்கட்டில் கயிறு ஏறுகிறது. பிறகுதான் கையில் அரிவாள் ஏறுகிறது. அந்தக் கயிற்றைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் யார்?

அரிவாள் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. இது நெல் விளையும் பூமி. கொல்லுப் பட்டறையில் கருக்கு வெட்டி வந்த அரிவாளோடு குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலில் இறங்கிய தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்று பல இடங்களில் இயந்திரம் அறுக்கிறது, அரிவாள் இறவாணத்தில் செருகிக் கிடக்கிறது. சேகரிப்போரின் கத்திக்குப் புத்தம் புதிதாக இருப்பதில் மதிப்பு. இந்த அரிவாளுக்குத் தேய்ந்திருப்பதில் மதிப்பு. அது தேயத் தேய ஒரு குடும்பம் சோறு உண்டிருக்கிறது.

வாள் கொழுவாகும், ஈட்டி அரிவாளாகும் என்று இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். யோவேல் நூலிலோ கொழுவை வாளாக்கச் சொல்லும் போர் அழைப்பைக் கேட்கிறோம். ஒரே இரும்பு இரண்டு பக்கமும் போகும். நாங்குநேரியில் அறுவடைக் கருவி கொலைக் கருவியானது. எசாயா இரும்பைத் தூர எறியச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அது உலைக்குள் போக வேண்டும், சிவக்க வேண்டும், சம்மட்டி அடி வாங்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்த வாள் என்றும் வாள்தான். மனத்துக்குள் பூட்டி வைத்த பகையும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு சேகரிப்பு நடந்தது. கத்திக்குத்துக் கொலைகள் பெருகியபோது, காவல் நிலையங்களில் பெட்டி வைத்து, பெயர் கேட்காமல் கத்திகளை வாங்கினார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவையும் காவல்துறை பறிமுதல் செய்தவையுமாகச் சேர்ந்த சுமார் 1,00,000 கத்திகளைக் கொண்டு ஆல்ஃபி பிராட்லி என்ற சிற்பி 27 அடி உயர வானதூதர் சிலை ஒன்றைச் செய்தார். மகனை, மகளை இழந்த குடும்பங்கள் இறக்கைகளில் உள்ள அலகுகளில் தங்கள் செய்தியைப் பொறித்தார்கள். 2018இல் அது லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் அருகே நின்றது. கத்தியைக் கொண்டுவந்து போட்ட ஒவ்வொரு கையும் ஒரு பழியைக் கைவிட்ட கை.

நம் நாகூர் தர்காவைப் பற்றி முஸ்லிம் சகோதரர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. தஞ்சை நாயக்க மன்னர் தீராத நோயில் கிடந்தபோது, ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறாவை நாகூர் ஆண்டவர் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாராம். பிடுங்கப் பிடுங்க மன்னரின் நோவு தணிந்ததாம். ஊசி குத்துவதற்கு ஒரு நொடி போதும். பிடுங்குவதற்கு மென்மையான கையும் நிறைந்த பொறுமையும் வேண்டும்.

ஆகவே பெற்றோரே, இந்த வாரம் உங்கள் பிள்ளையின் பையைப் பாருங்கள், மணிக்கட்டையும் பாருங்கள். திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியவர்களே, இனி சண்டை போடுவதில்லை என்பது வாளை உறையில் இட்டது மட்டுமே. ஆண்டவரின் இரண்டாவது காரியம் பாக்கி இருக்கிறது. எழுந்து போய், நீங்கள் அறுத்த காதைத் தொடுங்கள். ஒரு வீட்டின் கதவைத் தட்டுவதற்கு இன்று மாலையே போதும்.

சமாதானத்தின் அரசரான இயேசு, நம் கைகளில் உள்ள இரும்பையும் நெஞ்சில் உள்ள இரும்பையும் தம் அன்பின் உலையில் இட்டு அறுவடைக்கு உதவும் கருவியாக மாற்றுவாராக. ஆமென்.