‘எங்கள்மேல்’ என்றார் அந்தத் தகப்பன்



மார்ச் மாதம் புனித சூசையப்பருக்கு உரிய மாதம். 19ஆம் தேதி அவருடைய பெருவிழா. ஆகவே இன்று தகப்பன்மாரோடு கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறோம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரர் திண்ணையில் இருந்தால் வானொலியின் சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் போதும்.

கோவிலில் தகப்பன்மாரைப் பற்றிப் பேச்சு வந்தாலே அது பெரும்பாலும் குடியைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. குடியால் சீரழிந்த குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் குடிக்காத தகப்பனுக்கும் மனம் உடைகிறது. குருக்களாகிய நாங்கள் வீடு மந்திரிக்கப் போகும்போது இதைப் பார்க்கிறோம். டீசல் காசுக்குக்கூட மீன் படாமல் கரை திரும்பியவர் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். வளைகுடா நாட்டில் பத்து வருடம் உழைத்துவிட்டு வந்தவர், பிள்ளைகள் தம்மிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்கள் என்பார். வளர்ந்த மகன் வீட்டுக்குள் இருந்தும் மாதக்கணக்கில் அப்பாவிடம் வாய் திறக்காத வீடுகளும் உண்டு. ‘நானெல்லாம் என்ன அப்பன், சாமி?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அது சிரிப்பல்ல. ஞாயிறு திருப்பலிக்கு வந்தும் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களில் சிலர் சோம்பலால் நிற்பதில்லை; உள்ளே வர நமக்கென்ன தகுதி என்று நிற்கிறார்கள்.

மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் இப்படி ஒரு தகப்பனைப் பார்க்கிறோம். அவருக்குப் பெயர்கூடக் குறிக்கப்படவில்லை. இயேசு மூன்று சீடர்களோடு மலைமேல் இருந்த நேரம் பார்த்து, தீய ஆவி பிடித்து வலிப்பு வந்து விழும் தம் மகனை அவர் கூட்டி வருகிறார். கீழே இருந்த சீடர்கள் முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. சுற்றிலும் கூட்டம், மறைநூல் அறிஞர்களின் வாக்குவாதம். தம் பிள்ளையின் நோய் ஊருக்கே வேடிக்கையாகிப்போன நிலையில் அந்த மனிதர் நடுவில் நிற்கிறார்.

இயேசு இறங்கி வந்ததும் பையனுக்கு மறுபடியும் வலிப்பு வருகிறது. தரையில் விழுந்து, வாயில் நுரை தள்ளிப் புரள்கிறான். அப்போது இயேசு தகப்பனைப் பார்த்து ஒன்று கேட்கிறார்: இது எவ்வளவு காலமாக இருக்கிறது? நாம் இந்தக் கேள்வியை எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். ஆண்டவருக்கு அது தெரியாதா? இருந்தும் கேட்டார். அந்தத் தகப்பனிடம் அதை யாராவது கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் கொட்டிவிடுகிறார்: சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், நெருப்பிலும் விழுவான், தண்ணீரிலும் விழுவான் என்று. அந்த நெருப்பிலிருந்து அவனை இழுத்துப்போட்டது யார், தண்ணீரில் குதித்துத் தூக்கியது யார் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. ஆனால் பையன் உயிரோடு இருக்கிறான். அத்தனை வருடமும் யாரோ ஒருவர் அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

பிறகு உதவி கேட்கிறார். கேட்பதிலும் உம்மால் முடியுமானால் என்று ஒரு சந்தேகத்தைச் சேர்த்துத்தான் கேட்கிறார். சீடர்கள் கைவிட்ட பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வராது? அங்கே இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘அவன்மேல்’ இரக்கம் கொள்ளும் என்று அவர் கேட்கவில்லை, ‘எங்கள்மேல்’ என்கிறார். மகனுடைய நோயில் தாமும் விழுந்துகிடக்கிறார். நம் தகப்பன்மார் இந்த ‘எங்கள்’ என்ற சொல்லைச் சொல்வதே இல்லை. பிள்ளைக்காக நேர்ந்துகொள்வார்கள், நடந்தே வேளாங்கண்ணிக்குப் போவார்கள். எனக்கும் முடியவில்லை ஆண்டவரே என்று மட்டும் வாய் வராது.

இயேசு அந்தச் சந்தேகத்தைச் சுட்டிக்காட்டியதும் அவர் கதறிவிடுகிறார். நம்பிக்கை உண்டு என்கிறார். அதே மூச்சில், இல்லாத நம்பிக்கைக்கும் நீரே உதவும் என்கிறார். போய் நம்பிக்கையை நிறைத்துக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த அரைகுறை நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டு பையனைக் குணமாக்குகிறார். எங்களால் ஏன் முடியவில்லை என்று சீடர்கள் பிறகு தனியே கேட்கும்போது, இது இறைவேண்டலால் மட்டுமே ஆகும் என்று சொல்கிறார். அந்த நிகழ்ச்சி முழுவதையும் திரும்ப வாசித்துப் பாருங்கள். வேண்டல் என்று சொல்லத்தக்கதாக அங்கே இருப்பது அந்தத் தகப்பனுடைய கதறல் ஒன்றுதான்.

‘அவர் பிள்ளை அன்றைக்கே எழுந்து நின்றுவிட்டான் சாமி, எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லையே’ என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி.

பிரான்ஸ் நாட்டில் லூயி மார்ட்டின் என்றொரு கடிகாரக்காரர் இருந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை என்றால் உங்களுக்குத் தெரியும். ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். 1877இல் மனைவி செலி புற்றுநோயால் இறந்தார். கடைசி மகள் தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது. ஐந்து பெண்பிள்ளைகளோடு ஊரை விட்டு லிசியேவுக்குக் குடிபெயர்ந்தார். முதுமையில் மூளை நோயால் நினைவு தடுமாறி, 1889இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் இவருக்கு இப்படி ஆயிற்று என்று ஊர் பேசியது.

நாம் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு மகள் லெயோனியைப் பற்றி. தெரேசாவை எல்லாருக்கும் தெரியும். இவரை அதிகம் பேருக்குத் தெரியாது. சிறுவயதில் நோயாளி, பிடிவாதக்காரி. படிக்க அனுப்பிய மடத்துப் பள்ளி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. வளர்ந்து துறவு மடத்தில் சேர்ந்தும் நிலைக்க முடியாமல் மூன்று முறை வீடு திரும்பினார். லூயி 1894இல் இறந்தார். லெயோனி நான்காம் முறையாகச் சேர்ந்து நிலைத்தது 1899இல்! இன்று அவரையும் புனிதராக உயர்த்துவதற்கான பணிகள் நடக்கின்றன. தகப்பன் கண்ணால் பார்த்ததோ, தோற்றுத் திரும்பிய மகளைத்தான். அவளுக்காக அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அந்த லூயியையும் அவர் மனைவியையும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார்.

சூசையப்பரும் அப்படித்தான். நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் வளர்த்த மகன் பார்வையற்றோருக்குப் பார்வை கொடுத்ததையோ, கல்லறையிலிருந்து எழுந்ததையோ அவர் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது திரு அவையின் மரபு.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். நம் குடும்பங்களில் மாலைச் செபம் முடிந்ததும் பெரியவர்கள் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போடும் வழக்கம் உண்டு. பல வீடுகளில் இப்போது அது அம்மாவின் வேலையாகிவிட்டது. சில வீடுகளில் நின்றே போய்விட்டது. தகப்பன் எழுந்து போய்ப் போடட்டும். பேசாத மகன் என்றால் அவன் தூங்கிய பிறகு போடலாம். விடுதியிலோ வெளியூரிலோ இருந்தால் அவன் படுக்கும் இடத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிப் போடலாம். தகுதி உண்டா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

மன்றாடுவோம். ஆண்டவரே, கடலிலும் வயலிலும் பட்டறையிலும் அயல்நாட்டிலும் இருக்கும் எங்கள் தகப்பன்மாரை உம் கையில் ஒப்படைக்கிறோம். எவ்வளவு காலமாக இந்தப் பாரம் என்று அவர்களிடமும் நீர் கேளும். எங்கள்மேல் இரங்கும். ஆமென்.