தவளை பிடித்த பிள்ளைகள்

1995 ஆகஸ்ட். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஹெண்டர்சன் ஊர்ப்பக்கம் ஒரு குளம். நியூ கன்ட்ரி ஸ்கூல் மாணவர்கள் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் சின்ன சார்ட்டர் பள்ளி அது; செயல்திட்டம்தான் அங்கே படிப்பே.

கையில் அகப்பட்ட தவளைக்குப் பின்னங்கால் ஒன்று சரியாக இல்லை. அடுத்ததற்கும் அப்படியே. பிடித்தவற்றில் ஏறக்குறைய பாதி ஊனம்! பாவம் என்று விட்டுவிட்டு வந்துவிடவில்லை அந்தப் பிள்ளைகள். எண்ணினார்கள், குறித்தார்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சொன்னார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. விஞ்ஞானிகள் ஆய்வில் இறங்கினார்கள். தலைப்பிரட்டையின் உடலில் புகும் ஒட்டுண்ணிப் புழு இத்தகைய ஊனத்துக்கு ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது.

நாளைக்கு உங்கள் பிள்ளை சேற்றுக்கையோடு வந்தால் அதட்டாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.