முசாங் கிங் தோட்டத்தில் வேறு மரம் எதற்கு?

டுரியான் பூவில் மகரந்தமும் உண்டு, சூலகமும் உண்டு. இருந்தும் பெரும்பாலான ரகங்களில் சொந்த மகரந்தத்தால் காய் பிடிப்பது மிகக் குறைவு. அந்தச் சம்பந்தத்தை மரத்தின் மரபணுவே தட்டிக் கழித்துவிடுகிறது.

பக்கத்து மரம் இருக்கிறதே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஒட்டுக்கட்டி வளர்த்த நூறு முசாங் கிங் மரங்களும் மரபணுக் கணக்கில் ஒரே மரம்தான். 1993-இல் டி197 என்று பதிவான ரகம் அது. டி24 போன்ற வேறு ரகம் நடுவே நின்றால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். பழமும் கோணாமல் சுளை நிறையும். விலை ஏறியதென்று பழைய மரங்களை வெட்டித் தள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, மகரந்தத்தைச் சுமப்பது யார்? டுரியான் பூ மாலையில் விரியும். விடிவதற்குள் இதழ் கொட்டிவிடும். அந்நேரத்துக்கு வருவது தேன் குடிக்கும் குகை வௌவால். நாம் தைப்பூசத்துக்குப் படியேறும் பத்துமலையின் குகைகளிலும் அது தங்குகிறது. அங்கிருந்து தேனுக்காக 30 கிலோமீட்டருக்கு மேலும் பறப்பதை 1970-களில் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

காலையில் மரத்தடியில் பூ கொட்டிக் கிடந்தால் பழி வௌவால்மேல்! அது தானாக உதிர்ந்த பூ, ஐயா. தோட்டக்காரர்களே, வௌவாலுக்குக் கட்டிய வலையை இந்தப் பூக்கும் பருவத்திலாவது அவிழ்த்துவிடுங்கள்.