ஜப்பான் மாநாட்டிற்குச் செல்வோர்க்கு



ஜப்பானில் நடைபெறும் பன்னாட்டு மாநாட்டிற்குச் செல்வோர் என்னென்ன ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டனர். நான் அம்பத்தூரில் வாழும் ஓர் ஆசிரியன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றிக் கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் நிறைந்துள்ளன. இங்குப் பயிலும் மாணவர் சிலருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் அயல்நாட்டு மாநாடுகளில் ஏற்கப்படுவதை அவ்வப்போது கேட்டு மகிழ்கிறேன். கட்டுரை ஏற்கப்பட்டும் புறப்பட முடியாமல் நின்றுவிட்டவர்களையும் அறிவேன். அறிவுக் குறைவால் நின்றவர் அவர்களுள் ஒருவரும் இலர். கடிதம் ஒன்று காலந்தாழ்ந்து வந்தமையாலும், பெயரில் ஓரெழுத்து மாறியமையாலும் நின்றவர்களே அவர்கள். ஆதலால், ஜப்பானின் கோயில்களையும் மலர்களையும் வருணிக்கும் பணியை வேறு அன்பர்களுக்கு விட்டுவிட்டு, காகிதம், பெயர், பணம், உணவு என்பன பற்றியே பேச விழைகிறேன்.

மாநாடு என்பது நம் பக்கத்திற்குப் புதிதன்று. 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்னும் தீர்மானம் 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் நிறைவேறியது. ஜப்பானும் நமக்குத் தொலைவில் இல்லை. ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் 1951 முதல் வழங்கிவரும் டெமிங் பரிசை, அம்பத்தூரை அடுத்த பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலையின் பிரேக் பிரிவு 1998-இல் பெற்றது.

ஏற்பாடின்றிச் சென்றால் என்ன நேரும் என்பதற்கு யாவரும் அறிந்த ஒருவருடைய வரலாறே சான்று. சுவாமி விவேகானந்தர் சிகாகோ சர்வமத மகாசபைக்கு 1893 மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். அவரை அனுப்பி வைக்கப் பொருள் திரட்டியவர்களுள் முன்னின்றவர்கள் சென்னை இளைஞர்கள். கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பானை அடைந்து, நாகசாகி, கோபே, ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ முதலிய நகரங்களைக் கண்டு, சூலை 10-இல் யோக்கஹாமாவிலிருந்து அச்சென்னை அன்பர்களுக்கே கடிதம் எழுதினார். ஜப்பானியரின் தூய்மையை வியந்த அவர், நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் அந்நாட்டைச் சென்று காண வேண்டும் என்று விரும்பினார். பின்னர்ச் சிகாகோ சேர்ந்தபோதுதான், சபை செப்டம்பரில்தான் கூடும் என்பதும், நற்சான்றுக் கடிதம் இல்லாதார் பிரதிநிதியாக ஏற்கப்படார் என்பதும், பெயர் பதியும் காலம் கடந்துவிட்டது என்பதும் தெரியவந்தன. கையில் பணம் குறைந்தது. குளிருக்கேற்ற உடையும் இல்லை. ஹார்வர்டுப் பேராசிரியர் ரைட் என்பார் எழுதித் தந்த கடிதமே அவருக்கு வாயிலைத் திறந்தது. நாள், சான்றுக் கடிதம், பணம், உடை என்னும் இந்நான்கும் இன்றைய மாணவனுக்கும் அப்படியே பொருந்தும். வழியில் ஒரு ரைட் எதிர்ப்படுவார் என்று எவரும் நம்பியிருத்தல் ஆகாது.

முதலில், வந்த அழைப்பு மெய்யானதா என்று பாருங்கள். கட்டுரை அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டோம் என்று புகழ்ந்து, உடனே கட்டணம் செலுத்துமாறு வற்புறுத்தும் மாநாடுகள் பல உண்டு. ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இருபது துறைகளுக்கும் மாநாடு நடத்துவதாக அவை அறிவிக்கும். மாநாட்டை நடத்தும் சங்கம் எது, அதன் முந்தைய மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகள் எங்கே, குழுவில் பெயர் கண்டுள்ள பேராசிரியர்கள் அதனை அறிவார்களா என்பவற்றை உங்கள் ஆசிரியரிடம் காட்டி ஆராய்ந்த பின்னரே பணம் கட்டுங்கள். தந்தையார் தொழிற்சாலையில் மிகுநேரம் உழைத்துச் சேர்த்த பணம் அது.

அடுத்தது பெயர். தமிழராகிய நமக்கு இதில் தனித் தொல்லை உண்டு. நம்மிடம் தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு உரிய இடத்தில் தந்தை பெயரை எழுதிவிடுகிறோம். சிலர் அவ்விடத்தை வெறுமையாக விடுகின்றனர். கல்லூரிச் சான்றிதழிலோ தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். மாநாட்டில் பெயர் பதியும்போதும், விமானச் சீட்டு வாங்கும்போதும், அழைப்புக் கடிதம் கேட்கும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து எழுதுக. குடும்பப் பெயர் இல்லாதவர் சீட்டில் எவ்வாறு எழுதுவது என்பதை வாங்குமுன் விமானக் கம்பெனியாரிடம் கேட்டுக்கொள்க. ஜப்பானியர் குடும்பப் பெயரோடு 'சான்' என்னும் மரியாதைச் சொல்லைச் சேர்த்தே அழைப்பர். கியோட்டோவில் மூன்று நாளும் என்னை என் தந்தையார் பெயரிட்டே அழைத்தார்கள். திருவள்ளூருக்கு அப்பால் அதிகம் சென்றறியாத என் தந்தையாருக்கு அத்தனை பேர் தலை வணங்கியதைக் கண்டு, திருத்தம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது விசா. சுற்றுலாவிற்கு மின்விசா கிடைக்கிறதே, அதனைப் பெற்றுச் சென்று மாநாட்டிலும் பேசிவிடலாமே என்று யோசனை கூறுவோர் உளர். அதற்குச் செவி சாய்க்க வேண்டா. எக்காரணம் பற்றிச் செல்கிறீர்களோ அக்காரணத்தையே எழுத வேண்டும். மாநாட்டிற்குச் செல்வோர், அழைப்பதன் காரணம் கூறும் கடிதத்தையும், எந்நாளில் எங்குத் தங்குவர் என்னும் நாள்வாரி அட்டவணையையும் ஜப்பானில் மாநாடு நடத்துவோரிடமிருந்து பெறுதல் வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்த அன்றே இக்கடிதத்தைக் கேட்டு எழுதிவிடுங்கள். சென்னையில் ஜப்பானியத் துணைத் தூதரகம் இருத்தலின் நாம் தில்லிக்கு ஓட வேண்டியதில்லை. ஒருமுறை நுழைதற்குரிய விசா, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதமே செல்லும். ஆகவே மிக முன்னரும் வேண்டா. மிகப் பின்னரும் வேண்டா. ஆறு வாரத்திற்கு முன் விண்ணப்பிப்பது என் கருத்தில் தக்கது. பாஸ்போர்ட்டே இல்லாதவர் இன்றே அதற்கு எழுதுக. போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டு முகவரியில் ஆள் இருக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

விமானச் சீட்டு வாங்குமுன் தேசப்படத்தைப் பாருங்கள். ஜப்பான் என்றதும் டோக்கியோவுக்கே சீட்டு வாங்குவது பலருடைய வழக்கம். கியோட்டோவில் மாநாடு என்றால் இறங்க வேண்டிய இடம் ஒசாகாவை அடுத்துக் கடலில் தீவு ஒன்றை ஆக்கி 1994-இல் திறந்த கன்சாய் விமான நிலையம். அங்கிருந்து கியோட்டோவுக்கு ரெயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். டோக்கியோவில் இறங்கினாலோ அதிவேக ரெயிலுக்கு ஒரு வழிக்கு மட்டும் ஏறக்குறைய 14,000 யென் ஆகும். அயல்நாட்டார்க்கு என்று வழங்கும் ஏழு நாள் ரெயில் சீட்டு மலிவானது என்று பழைய நூல்கள் கூறும். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. ஒருமுறை போய் வருவோர்க்கு அது நட்டமே. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேற்படுமாயின், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடும் அதிவேக ரெயிலில் அதற்கென இடம் முன்னரே பதிய வேண்டும். ஆதலின் தையல் நாடா ஒன்றால் பெட்டியை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்.

பெட்டியில் வைக்கும் பொருள்களிலும் கவனம் வேண்டும். மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் முதலியவற்றை அன்னையார் அன்போடு கட்டிக் கொடுப்பார். செடிநோய் பரவாமைக்குரிய சான்றிதழ் இன்றி அவற்றை உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி கலந்த எப்பொருளும் ஆகாது. மருந்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நம் மருந்துக் கடைகளில் விற்கும் சளி மருந்துகள் சிலவற்றில் உள்ள சூடோஎபிட்ரின், ஒரு வரம்பிற்கு மேற்பட்டால் அந்நாட்டில் விலக்கப்பட்டது. வைத்தியர் சீட்டின்படி உண்ணும் மருந்தாயின் ஒரு மாதத்திற்குள் அடங்கும் அளவே எடுத்துச் செல்க. அதனை வந்த உறையிலேயே, வைத்தியர் சீட்டோடு வைத்துக்கொள்க. பொட்டலத்தில் மடித்த பெயரில்லாப் பொடி எதுவாயினும் வீண் கேள்விகளுக்கு இடம் தரும்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட். நம் வீட்டுச் சலவைப் பெட்டியும் அரிசி வேகவைக்கும் மின்பானையும் 230 வோல்ட்டுக்குச் செய்தவை. அங்கே அவை சரியாகச் சூடேறா. தொலைபேசிக்கும் கணிப்பொறிக்கும் உரிய மின்னேற்றிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை ஏற்கும். தட்டையான இரண்டு கால் செருகி மட்டும் வேண்டும். ஒரு வேடிக்கை கேளுங்கள். டோக்கியோப் பக்கத்தில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று. ஒசாகாப் பக்கத்தில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோவார் ஜெர்மானிய இயந்திரத்தையும் ஒசாகாவார் அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியதன் விளைவு இது. மின்பொறியியல் மாணவர்கள் இதனை நேரிற் கண்டு வரலாம்.

சைவ உணவினர் படும் பாடு பெரிது. அங்கே மீனை இறைச்சியில் சேர்க்காமல் எண்ணும் வழக்கமும் உண்டு. காய்கறி மட்டும் மிதக்கும் தெளிந்த சாற்றிலும், உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுத்த 'தாஷி' என்னும் சாறு கலந்திருக்கும். 'இறைச்சி, மீன், மீன் சாறு ஆகியவற்றை உண்பதில்லை' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துச் சென்றால் பயமில்லை. வெந்த சோறு, பொதியாகக் கட்டி, தெருக்கோடிக் கடைகளில் கிடைக்கிறது. கோயில்களில் துறவியர் முறையில் சமைக்கும் 'ஷோஜின்' உணவு முற்றும் மரக்கறியே. ஒருவேளை உண்டு பாருங்கள். விலை மட்டும் சற்றுக் கசக்கும்.

பணத்தை யென்னாகச் சிறிது கையில் வைத்திருங்கள். அட்டையை ஏற்காத சிறு கடைகள் இன்னும் உள்ளன. பத்து லட்சம் யென்னுக்கு மேற்பட்டால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்; மாணவர்க்கு அக்கவலை எழாது. உணவு விடுதியில் இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருத்தல் அயல்நாட்டார்க்குச் சட்டப்படி கடமை. போலீசுக்கு 110, தீயணைப்பிற்கும் ஆம்புலன்சுக்கும் 119. நிலநடுக்க எச்சரிக்கை தொலைபேசியில் ஒலித்தால் வெளியே ஓடாதீர்கள். மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொண்டு, அங்குள்ளோர் செய்வதைச் செய்யுங்கள்.

இனி மாநாட்டு மண்டபம். கியோட்டோவின் பன்னாட்டு மாநாட்டு மாளிகை 1966-இல் திறக்கப்பட்டது. தட்பவெப்பம் பற்றிய கியோட்டோ உடன்படிக்கை 1997 டிசம்பரில் உருவான இடம் அதுவே. கியோட்டோ ரெயில் நிலையத்திலிருந்து நிலத்தடி ரெயிலில் இருபது நிமிடத்தில் அதன் வாயிலை அடையலாம். பேசுவோர்க்கு ஜப்பானிய மாநாடுகளில் மணி அடிக்கும் வழக்கம் உண்டு. முதல் மணி எச்சரிக்கை. இரண்டாம் மணி பேச்சின் முடிவு. மூன்றாவது கேள்விகளின் முடிவு. இரண்டாம் மணிக்குப் பின் பேசுவோரை எவரும் தடுக்கமாட்டார். எவரும் கேட்கவும் மாட்டார். வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்து, ஒதுக்கிய நேரத்திற்கு ஒரு நிமிடம் குறைவாகவே பேசிப் பழகுங்கள். சுவரில் மாட்டும் விளக்கப் படத்தைத் துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டியில் வைக்கலாம். நீண்ட குழாயைத் தூக்கித் திரிய வேண்டா.

பெயர்ச் சீட்டு ஐம்பதாவது அச்சிட்டுச் செல்க. இரு கையாலும் கொடுத்து, இரு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். அதன்மேல் அவர் எதிரிலேயே பேனாவால் குறிப்பெழுதுவது அவமதிப்பு. பெரியோர்க்கு இரு கையால் கொடுக்கும் வழக்கம் நம் வீட்டிலும் உண்டாதலின் இது நமக்கு எளிது. மொழியும் நாம் அஞ்சும் அளவு அன்னியமன்று. 'வதாஷி வ கியோட்டோ நி இகிமாசு' என்பது 'நான் கியோட்டோவுக்குப் போகிறேன்' என்பதே. நம் 'கு' உருபு போல அவர்களது 'நி' பெயரின் பின்னே நிற்கிறது; வினை இறுதியில் வருகிறது. இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு உண்டென்று பேராசிரியர் சுசுமு ஓனோ பல நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். உறவு இருப்பினும் இல்லாவிடினும், தமிழ் மாணவன் அவர்களுடைய வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வது எளிதாகவே இருக்கிறது.

திரும்பும் நாளுக்கு ஒரு குறிப்பு. யென் நாணயங்கள் பையில் சேர்ந்துகொண்டே போகும். 500 யென் வரை நாணயமே உள்ள நாடு அது. நம் ஊரில் பணம் மாற்றுவோர் நோட்டுகளையே வாங்குவர், நாணயங்களைத் தொடமாட்டார். விமான நிலையத்திற்குச் செல்லும் ரெயில் சீட்டை அந்நாணயங்களைக் கொண்டே வாங்கிவிடுங்கள். நடுவில் துளையுள்ள 5 யென், 50 யென் காசுகளுள் இரண்டொன்றை மட்டும் வீட்டிலுள்ள சிறுவர்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.